விரத வாரத்தில் கீரிக் கூண்டு

காலை ஆறரை மணிக்கு, நாந்தி நகரை ஒட்டிய வோட்டுவாலேவிலுள்ள என் தங்கை வீட்டிலிருந்து புறப்பட்டேன். தங்கைக்கு முட்டை தரும் லட்சுமி அக்கா சிகடோகா பள்ளத்தாக்கில் இருக்கிறார். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குப் போக எனக்குக் கூச்சம். ஆனால் அங்கே கூண்டு வைத்துக் கீரி பிடிக்கிறார்கள் என்று தங்கை சொன்னதும், பார்க்காமல் ஊர் திரும்ப மனமில்லை. இந்தியாவில் எங்கள் ஊர்ப்பக்கம் கீரியை யாரும் விரட்டக்கூட மாட்டார்கள்.

நாந்தியிலிருந்து சிகடோகா எழுபது கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பேருந்து ஜன்னல்களில் கண்ணாடி இல்லை. மழைக்கு இறக்கிவிடச் சுருட்டிய தார்ப்பாய்தான். இந்தத் தீவு நாட்டில் ஆட்சிக் கவிழ்ப்பு நடந்து ஓராண்டு ஆகியிருந்தது. வழியெங்கும் பலகை அடித்து மூடிய வீடுகள், வெட்ட ஆளில்லாமல் சாய்ந்து கிடந்த கரும்பு.

"நம்மாளுங்க எல்லாம் பயந்து சிட்னி, ஆக்லாந்து போயாச்சு," என்றார் ஓட்டுநர். "நீ இந்தியாலேந்து இங்க வரே. உனக்கு மூளை இருக்கா?" பேருந்தே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஒன்பது மணிக்கு லட்சுமி அக்கா வீடு. அறுபது வயதிருக்கும். குத்தகை முடிந்து கரும்பு நிலம் கைவிட்டுப் போய்விட்டது, மகன் ஆக்லாந்தில். மிச்சமிருப்பது வீடும் கோழிகளும்.

"கோழி இருந்தா நான் இங்க. கோழி போச்சுன்னா அவன் டிக்கெட் அனுப்பிடுவான் தம்பி," என்றார். அந்த வாரம் மட்டும் நிறையக் குஞ்சுகள் காணாமல் போயிருந்தன.

பத்து மணிக்கு அரசு வண்டியில் ஜோனே என்ற அலுவலர் வந்தார். பெரிய உருவம், மெதுவான குரல். கீரி பிடிக்க அரசு கொடுத்த கூண்டுகளால் பலன் உண்டா என்று பார்ப்பது அவர் வேலை. அக்காவும் அவரும் இந்தியில் பேசிக்கொண்டார்கள்; அக்கா எனக்குத் தமிழில் சொன்னார்.

"கூண்டெல்லாம் காலியா கெடக்காம். கீரி ஒழிஞ்சு போச்சாம். கூண்ட வேற ஊருக்குக் கொண்டு போறானாம்."

"குஞ்சுகளைப் பற்றிச் சொன்னீர்களா?"

"சொன்னேன். பருந்து தூக்கியிருக்கும்ங்கறான்."

ஜோனே முதல் கூண்டை வண்டியில் ஏற்றினார். அக்கா முந்தானையை முறுக்கியபடி பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது கூண்டுக்குள் நான் எட்டிப் பார்த்தேன். கொக்கியில் ஒரு துண்டு ரொட்டி.

"கீரி ரொட்டி தின்னுமா அக்கா?"

"தின்னாட்டி போவுது. நான் காப்பு கட்டியிருக்கேன். வெள்ளிக்கிழமை மாரியம்மனுக்குத் தீமிதி. கூண்டுல வெக்கற மீன்தலைய எப்படித் தொடறது? வெறுங்கூண்டா வெச்சா கவர்மெண்ட்ட ஏமாத்துன மாதிரி ஆயிடும். அதான் ரொட்டி."

நாங்கள் என்ன பேசுகிறோம் என்று ஜோனே கேட்டார். அக்கா சொன்னதும் தலையில் கைவைத்துக்கொண்டார். பள்ளத்தாக்கில் காப்பு கட்டிய வீடுகளில் எல்லாம் இப்படித்தானா என்று கேட்டார். அக்கா, பின்னே என்ன என்பதுபோல் அவரைப் பார்த்தார்.

மதியச் சாப்பாட்டுக்கு ஜோனே கொண்டுவந்தது மரவள்ளிக் கிழங்கும் டப்பா மீனும். டப்பாவில் பாதியைக் கூண்டுக்காக எடுத்தார்.

"வேலிக்கு அந்தாண்ட வை!" என்று அக்கா கத்தினார். கத்தியது தமிழில். ஆனாலும் ஜோனே வேலிக்கு அப்பால் போனார்.

கரும்புத் தோட்டங்களில் எலி அதிகமாகி, அதைப் பிடிக்கத்தான் வெள்ளைக்காரர்கள் இந்தத் தீவுக்குக் கீரியைக் கொண்டுவந்தார்களாம். எலி நடமாடுவது இரவில், கீரி பகலில். எலி பிழைத்துக்கொண்டது, கோழிக்கும் பறவைகளுக்கும்தான் கேடு. அன்றைக்கும் யாரோ ஒருவர் இதனால் நல்ல பலன் என்று எழுதியிருப்பார்.

மூன்று மணிக்குக் கூண்டின் கதவு சடாரென்று விழுந்தது. ஓடினோம். உள்ளே சிவந்த கண்களோடு கீரி, மூக்கில் மீனெண்ணெய். ஜோனே தடியை எடுத்தார்.

"ஐயோ, இங்க வேணாம்! காப்பு அவுக்கற வரைக்கும் எம் மண்ணுல உசிரு போவக் கூடாது. ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போ," என்றார் அக்கா. பிறகு கீரியிடம், "உன்ன யாருடா மீன் திங்கச் சொன்னது?" என்றார்.

ஜோனே கூண்டின் மேல் சாக்கைப் போர்த்தி வண்டியில் வைத்தார். காலையில் ஏற்றிய முதல் கூண்டைத் திரும்ப இறக்கினார். விரதம் முடியும்வரை தானே வந்து மீன் வைப்பதாகவும், அதன் பிறகே கணக்குப் பார்ப்பதாகவும் சொன்னாராம்.

நான் விடைபெறும்போது அக்கா ஒரு காகித அட்டையில் முட்டைகளை அடுக்கித் தந்தார். அடுத்த மாதம் நான் ஊருக்குத் திரும்பிவிடுவேன் என்றேன்.

"நீ போ தம்பி, உனக்கு அங்க வீடு இருக்கு," என்றவர், பொழுது சாயுமுன் குஞ்சுகளை அடைக்கத் திரும்பினார். "ராத்திரி மகன் போன் பண்ணுவான். டிக்கெட் வேணாம், எனக்கு இங்க வேலை இருக்குன்னு சொல்லணும்."