எம்.எல்.ஏ. பெயரில் ஒரு மரவள்ளிக் காடு

கள்ளக்குறிச்சியில் ஒரு வாரப் பத்திரிகைக்கு நிருபராக இருந்தேன். எம்.எல்.ஏ.க்கள் தேர்தலில் கொடுத்த சொத்து அபிடவிட்டையும் சிட்டாவையும் ஒப்பிட்டு, பதவியை வைத்துச் சொந்த ஆதாயம் தேடுகிறார்களா என்று பார்ப்பது என் வேலை. கண்ணாடி நம்பர் ஏறியது அதில்தான். இருந்தாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்றும் ஆசையாக இருக்கிறது.

ஒருமுறை ஓர் எம்.எல்.ஏ. கல்வராயன் மலையடிவாரத்துக்கு அகலமான ரோடு வேண்டுமென்று சட்டசபையில் பேசினார். ரோடு போகிற வழியில் இரண்டு ஏக்கர், சிட்டாவில் அவர் பெயரிலேயே இருந்தது. அபிடவிட்டில் இல்லை. எங்கள் ஆசிரியர் துள்ளினார்.

"மாட்டிக்கினாருய்யா! மறைச்ச சொத்து. மொத பக்கம் போடு."

நிலம் கைமாறியிருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். மடையன், அவசரத்தில் விட்டுவிட்டேன். போட்டோ மட்டும் எடுக்கலாமென்று மொபெட்டில் கிளம்பினேன்.

மரவள்ளிக் காட்டில் ஓர் அம்மா களை வெட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், எங்க காட்டப் போட்டோ புடிக்கிறீங்க?"

"இது எம்.எல்.ஏ. காடு இல்லியாம்மா?"

"நல்லா இருக்குதே கதை! அவரு எம்.எல்.ஏ. ஆவறதுக்கு முன்னாடியே எங்களுக்குக் கிரையம் பண்ணிட்டாருங்க. பத்திரம் வூட்ல இருக்குது."

"பட்டா மாத்தலியா?"

"பத்திரந்தான் இருக்குதே, பட்டாவுக்கு இன்னா அவசரம்னு வூட்டுக்காரரு சொல்லிக்கினே இருந்தாரு. அப்படியே போய்ச் சேந்துட்டாரு."

எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் இப்படித்தான். ரோட்டுக்கு நிலம் எடுத்தால் நோட்டீஸ் பட்டாக்காரருக்குத்தான் போகும். நில எடுப்பு ஆபீசில் விசாரித்தேன். நிலம் தன்னுடையது என்று எம்.எல்.ஏ. நஷ்டஈட்டு மனுவில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

மறுநாளே அந்த அம்மாவைப் பத்திரத்தோடு அழைத்துப்போய் ஆட்சேபனை கொடுக்க வைத்தேன். பிறகு எம்.எல்.ஏ.வுக்குப் போன் போட்டேன்.

"வித்தது ஞாபகமே இல்ல சார். ஆளுங்க நீட்டன பேப்பர்ல கையெழுத்துப் போட்டுட்டேன்."

"அபிடவிட் எழுதும்போது மட்டும் ஞாபகம் இருந்துச்சிங்களா?"

போன் கட்டானது. செய்தி வந்த வாரமே மனுவை வாபஸ் வாங்கினார். நஷ்டஈடு அந்த அம்மாவுக்கே கிடைத்தது, பட்டாவும் மாறியது.

பாராட்டு எனக்கு வந்தது. உள்ளுக்குள் வெட்கமாக இருந்தது. இளம் நிருபர்களே, காகிதத்தோடு நிற்காமல் நிலத்துக்கும் போங்கள். அன்று போகாமல் இருந்திருந்தால், அது எம்.எல்.ஏ. நிலம்தான் என்று நானே முதல் பக்கத்தில் அச்சடித்துக் கொடுத்திருப்பேன்.