கேள்வி கேட்க ஓர் ஆள்

புளித்த மாவில் சுடும் பாண் சாப்பிடக்கூடாத பண்டிகை என்றால் அது விரதம்தான் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். கந்தசஷ்டி பிடிக்கிற வீட்டில் வளர்ந்தவனுக்கு வேறு எப்படித் தோன்றும்? ஆனால் நாங்கள் புலம்பெயர்ந்து வாழும் வால்தம்ஸ்டோவில் எங்கள் பக்கத்து வீட்டு யூத ஆன்ட்டி பெசாக் பண்டிகைக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். விரதத்துக்கு விருந்தா? ஆன்ட்டிக்கு எண்பது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. கணவர் போன வருடப் பெசாக்குக்குச் சற்று முன்புதான் காலமானார்.

மனைவிக்கு அன்று ஆஸ்பத்திரியில் ஷிப்ட். போகுமுன் உளுந்து வடை சுட்டு வைத்தாள்.

"கோதுமை மா துளியும் இல்லை, துணிஞ்சு குடுங்கோ. ஆனா உங்கட விடுப்புக் கேள்வியளை அங்க கேக்காதேங்கோ. தனிச்சுப்போன மனுசி, பாவம்."

விடுப்புக் கேட்காமல், அடுத்தவர் விஷயத்தைத் துருவாமல் இருப்பது எனக்கு மூச்சை அடக்குகிற மாதிரி. இருந்தும் ஓம், கேட்கமாட்டேன் என்றேன்.

வடை வாசலிலேயே பிடிபட்டது. அவர் குடும்பத்தில் இந்த நாட்களில் பருப்பு வகையும் ஆகாதாம். வேறு சில யூதர்கள் சாப்பிடுவார்களாம். ஏன் அப்படி என்ற கேள்வியை விழுங்கிக்கொண்டு, வடையை வீட்டில் வைத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பிப் போனேன். வெட்கமாக இருந்தது.

மேசையில் விரதத்தின் அடையாளமே இல்லை. வைன், சூப், கோழி. பாணுக்குப் பதிலாக அப்பளம்போல ஒரு ரொட்டி. பக்கத்தில் ஏதோ வேரின் துருவல், ஒரு கிண்ணத்தில் உப்புத்தண்ணீர். வந்த கேள்விகளை மனதுக்குள்ளேயே எண்ணினேன். ஆன்ட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்றும் கேட்கமாட்டீர்களா?"

"கேட்கக்கூடாது என்று மனைவி சொல்லிவிட்டாள்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கேட்டால்தான் பண்டிகையே தொடங்கும். மேசையில் வயதில் குறைந்தவர் கேட்கவேண்டும். மற்றவர் கதை சொல்லவேண்டும்."

ஐம்பத்தாறு வயதில் நான் இளையவன்! ஆசை தீரக் கேட்டேன். எகிப்தில் அடிமைகளாயிருந்த தங்கள் முன்னோர் தப்பி ஓடியபோது மா புளிக்க நேரமிருக்கவில்லை. அதனால்தான் இந்த ரொட்டி என்றார். அவசரமாக வீட்டைவிட்டு ஓடுவதைப் பற்றி எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு விடுப்பும் வந்துவிட்டது. "முன்பெல்லாம் யார் கேட்பது?"

"அவர்தான். என்னைவிட இரண்டு வயது இளையவர்."

"போன வருடம்?"

"தனியாக இருந்தாலும் கேட்டே ஆகவேண்டும். நானே கேட்டேன். நானே பதில் சொன்னேன்."

உப்புத்தண்ணீர்க் கிண்ணத்தைக் காட்டி, இது எதற்கு என்று அவசரமாக அடுத்த கேள்வியைக் கேட்டேன்.