மருந்து ஒட்டிய கைப்பை

என் வீட்டுக்காரருக்குக் குடிப்பழக்கம் கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவருக்கு இருந்தது பாயிண்ட் பைத்தியம். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில், ஊரில் பாதிப் பேர் அதுவரை விமானத்தை அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த காலத்தில், அது அவரைப் பிடித்தது.

சிவகாசியில் அவருக்கு ஆப்செட் பிரஸ். டைரி, காலண்டர் ஆர்டருக்காக சிங்கப்பூர், மலேசியா என்று போய் வருவார். ஒரு பயணத்தில் பக்கத்து சீட்டுக்காரர் தன் பையில் தொங்கிய, விமான நிறுவனம் கொடுத்த தங்க நிற அட்டையைக் காட்டியிருக்கிறார். அது இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம், முதல் ஆளாக ஏறலாம், ஏறும் வரைக்கும் தனி அறையில் சோபாவில் உட்கார்ந்து சாப்பிடலாம். அன்றைக்குப் பிடித்த சனி.

பறக்கப் பறக்கச் சேர்வதில் இலவச டிக்கெட் தரும் மைல் வேறு, அட்டை தரும் பாயிண்ட் வேறு என்று சாப்பாட்டு நேரத்தில் எனக்குப் பாடம் நடக்கும். முன்பக்க சீட்டான பிசினஸ் கிளாஸில் போனால் பாயிண்ட் அதிகம். நேராகப் போகாமல் நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஏறினால் இன்னும் அதிகம். வருஷம் முடிவதற்குள் சேர்க்க வேண்டியதைச் சேர்க்காவிட்டால் எல்லாம் அழிந்து பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் ரசம் ஊற்றிக்கொண்டே கேட்பேன். எனக்கு வேறு கவலைகள் இருந்தன. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் இருந்த எங்கள் அப்பாவின் பட்டாசு கம்பெனியை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் விருதுநகரிலிருந்து வேனில் போனால் இருட்டும்போது திரும்புவேன். அங்கே ஒரு நாள் அசந்தாலும் உயிர் போகிற வேலை.

அந்த வருஷம் கார்த்திகை வியாபாரம் முடிந்து நான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தபோது அவர் வந்து நின்றார். "சிங்கப்பூர் போவமா? நீயும் நானும் மட்டும்."

கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. நான் உருகிப் போனேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. இரண்டு பட்டுப்புடவை எடுத்து வைத்தேன். புதுக் கைப்பை வாங்க நேரமில்லாததால் கம்பெனிக்குக் கொண்டுபோகும் தோல் பையையே துடைத்து எடுத்துக்கொண்டேன்.

விமானம் மேலே ஏறி, சாய்கிற சீட்டும் வெள்ளைத் துணி விரித்த சாப்பாடும் வந்த பிறகுதான் விஷயத்தை அவிழ்த்தார். சிங்கப்பூரில் ராத்திரி தங்கல் மட்டும்தான். மறுநாள் காலையில் பாங்காக் போகிறோம். அங்கே இறங்கி, விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் அடுத்த விமானத்தில் சிங்கப்பூருக்கே திரும்புகிறோம். அந்த ஒரு போக்குவரத்தில் தங்க அட்டைக்குக் குறைகிற பாயிண்ட் நிரம்பிவிடும்.

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டு வந்தீக?"

"ஜோடியா எடுத்தா டிக்கெட்ல சலுகை போட்டிருந்தான்."

சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் தூங்கினார். எனக்கு அந்தச் சாய்கிற சீட்டில் ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் காலை பாங்காக் விமானத்துக்கான சோதனையில் அவர் முதலில் போனார். அந்தப் பக்கம் நின்று பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தார். என் கைப்பையை ஒரு பையன் சின்னத் துணியால் வாரிலும் பிடியிலும் துடைத்து, அந்தத் துணியை ஓர் இயந்திரத்துக்குள் நுழைத்தான். சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னொரு துணியால் துடைத்தான். மறுபடியும் சிவப்பு. பையன் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, கையைத் தூக்கி யாரையோ கூப்பிட்டான்.

என்னை ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். தமிழ் பேசும் பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள். தமிழைக் கேட்டதும் உயிர் வந்தது எனக்கு. தமிழ்தான் என்னைக் கவிழ்க்கப் போகிறது என்று அப்போது தெரியாது.

"அக்கா, இந்தப் பையில என்ன வச்சிருந்தீங்க?"

"ஒண்ணும் வைக்கலம்மா. மருந்து ஒட்டியிருக்கும்."

"என்ன மருந்து? உங்களுக்கு உடம்புக்கு என்ன?"

"உடம்பு நல்லாத்தான் இருக்கு. மருந்து ரூமுக்குப் போயிட்டு வந்து அப்படியே பையைத் தொட்டிருப்பேன்."

"ஆஸ்பத்திரியில வேலை பாக்குறீங்களா?"

"இல்லம்மா, கம்பெனி."

"மருந்து கம்பெனியா?"

"மருந்து இல்லாம கம்பெனி ஏது?" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் குழந்தைக்குக்கூடத் தெரியும். பட்டாசுக்குள் அடைக்கும் கலவைதான் மருந்து. மாத்திரையை நாங்கள் மாத்திரை என்போம். அந்தப் பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? நான் சொன்னதை அவள் மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் தலையாட்டி மறுத்து, இயந்திரத்திலிருந்து வந்த சீட்டைக் காட்டினார். இயந்திரம் ஒன்று சொல்ல, நான் ஒன்று சொல்ல, பொய் சொல்கிறேன் என்று ஆகிவிட்டது.

அவள் குரல் இறுகியது. "அக்கா, இது மாத்திரை மருந்து இல்ல. உண்மையைச் சொல்லுங்க."

"உண்மையத்தான் சொல்லுதேன். வெடிமருந்தும்மா, வெடிமருந்து!"

சொல்லி முடிக்கும்போதே புரிந்துவிட்டது. செய்தித்தாளில் அந்த வார்த்தை எங்கெங்கே வரும் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. வாசலில் மேலும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். என் பையைக் கவிழ்த்துக் கொட்டினார்கள். விபூதிப் பொட்டலம், ஊக்கு, சாவிக்கொத்து, பாதி தேய்ந்த சீப்பு.

அப்போது அறையின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரிடம் வேறோர் அதிகாரி பேசிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் அவரை உள்ளே விட்டார்கள். வந்துவிட்டார், இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தேன்.

குனிந்து மெதுவாகச் சொன்னார். "என் பையில ஒண்ணும் இல்லியாம். நான் போறதுன்னா போலாம்னு சொல்லுதாக."

நான் அவரைப் பார்த்தேன்.

"ஒனக்கு ஒண்ணும் ஆகாது, சும்மா விசாரிச்சிட்டு விட்டுருவாக. நான் ஓடிப் போயிட்டு சாயங்காலம் வந்துருதேன். இதை விட்டா அம்புட்டும் போச்சு. மறுபடி முதல்ல இருந்து ஏறணும். நீ இங்கனயே இரு, ஏசி நல்லாத்தான இருக்கு?"

நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அழுகை வந்திருக்கும், அதை அவர்கள் முன்னால் காட்ட எனக்கு மனசில்லை. என் மௌனத்தை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். போய்விட்டார். போகிற அவசரத்தில் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. கூப்பிட்டுச் சரிசெய்ய என் கை எழுந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேலேயே கோபம் வருகிறது.

அந்தப் பெண் மறுபடி ஆரம்பித்தாள். "அந்தக் கம்பெனியில என்ன செய்வீங்க, ஒவ்வொண்ணா சொல்லுங்க."

"சரம், புஸ்வாணம், சக்கரம்..." அவள் முகம் மாறவில்லை. "தீபாவளிக்குப் பிள்ளைக கையில பிடிக்குமே, மத்தாப்பு..."

"மத்தாப்பா!" அவள் நாற்காலியில் சாய்ந்து சிரித்துவிட்டாள். "இதை முதல்லயே சொல்லக்கூடாதாக்கா? எங்க வீட்டுலயும் தீபாவளிக்குக் கொளுத்துவோமே."

மேலதிகாரியிடம் ஓடிப்போய்ச் சொன்னாள். எங்கேயோ போன் செய்தார்கள். என் முகவரியையும் பாஸ்போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மெல்ல மெல்ல அறை தளர்ந்தது. வாசலில் நின்றவர்கள் போனார்கள். பையில் எல்லாவற்றையும் அவளே எடுத்து வைத்தாள். தண்ணீர் கொடுத்தாள். மடமடவென்று குடித்தேன்.

"இன்னும் கொஞ்சம் எழுதணும்கா, அவ்வளவுதான். உங்க வீட்டுக்காரர் வெளியில இருக்காரா?"

"பாங்காக் பிளைட்ல ஏறப் போயிட்டாக."

பேனா நின்றது. "உங்களை இங்க விட்டுட்டா? அங்க என்ன, வியாபாரமா?"

"இல்ல."

"சொந்தக்காரங்களா?"

"யாரும் இல்ல."

"எத்தனை நாள் தங்குவாரு?"

"தங்க மாட்டாக. இறங்கின உடனே திரும்பி ஏறிருவாக."

"பெட்டி?"

"பெட்டி ஓட்டல்ல கிடக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். வெடிமருந்து ஒட்டிய பையோடு மனைவியைப் பிடித்து வைத்திருக்கும்போது, பெட்டி இல்லாமல், வேலை இல்லாமல், ஓர் ஊருக்குப் போய் உடனே திரும்புகிற ஒரு மனிதன். என் மேலிருந்த சந்தேகம் எழுந்து நடந்து அவர் மேல் போய் உட்கார்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

"அப்ப எதுக்குக்கா போறாரு?"

எனக்குப் பதில் தெரியும். மைல் வேறு, பாயிண்ட் வேறு என்பதிலிருந்து எல்லாம் மனப்பாடம். விமானம் இன்னும் கிளம்பவில்லை, நான் நாலு வார்த்தை சொன்னால் அவர் தன் முன்பக்க சீட்டில் நிம்மதியாகப் பறந்துவிடுவார். அந்த நாலு வார்த்தையை வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தேன். அட்டைக்காகப் போகிறார். என்னை இந்த நிலைமையில் விட்டுவிட்டு, அட்டைக்காகப் போகிறார். எனக்கே நம்ப முடியவில்லை.

"தெரியலம்மா," என்றேன்.

அவள் எழுந்து வெளியே ஓடினாள்.

என் வீட்டுக்காரரை இரண்டு பேர் நடுவில் நடத்திக் கூட்டிவந்தார்கள். கையில் விமானத்தில் கொடுத்த ஈரத் துண்டு அப்படியே இருந்தது. முகம் செத்துப் போயிருந்தது. என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"என்ன சொல்லித் தொலைச்ச?"

"நீங்க எதுக்குப் போறீகன்னு கேட்டாக. தெரியலன்னு சொன்னேன்."

அந்தப் பெண் எதிரில் உட்கார்ந்து புதுத்தாள் எடுத்தாள். "நீங்களே சொல்லுங்க சார். மனைவியை இங்க விட்டுட்டு எதுக்குப் போனீங்க?"

அவர் என் பக்கம் திரும்பினார், எடுத்துக் கொடுப்பேன் என்று நினைத்திருப்பார். நான் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எனக்கும் அந்தப் பதில் வேண்டியிருந்தது.