கணிதப் பிரிவிலிருந்து விலக்கும் கடிதம்

மகள் உயர்தரக் கணிதப் பிரிவில் சேர்ந்து எழுதிய முதல் தவணைச் சோதனையில், இணைந்த கணிதத்துக்கு நூற்றுக்கு இருபத்தொரு புள்ளி எடுத்தாள். அன்று பின்னேரமே அதிபருக்குக் கடிதம் எழுதிவிட்டேன். பிள்ளையை விலக்கித் தாருங்கள், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கலைப் பிரிவு படிக்கட்டும் என்று.

"இன்னும் எழுபத்தொன்பது மிச்சம் கிடக்குத்தானே அம்மா" என்றாள் அவள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நெடுங்கேணிக்கு அங்கால் இருக்கும் எங்கள் ஊரில் உயர்தரத்துக்குக் கலைப் பிரிவு மட்டும்தான். கணிதம் என்றால் வவுனியாவுக்கு விடிய பஸ் ஏறவேண்டும். என் உயர்தரப் படிப்பு போர்க்கால இடப்பெயர்வுகளில் சிதறிப்போனது. மூன்று இடங்களில் படித்தும் சோதனை எழுதக் கிடைக்கவில்லை. பிள்ளையைக் கண்ணுக்கெட்டாத தூரம் விட இன்றைக்கும் எனக்கு மனமில்லை. முதல் கிழமை முழுவதும் புளியங்குளம் சந்திவரை பஸ்ஸுக்குப் பின்னால் ஸ்கூட்டியில் போனேன்.

"அக்கா, ஏன் உந்தப் புழுதியைக் குடிக்கிறியள்? ஏறி வாங்கோவன், சீற் கிடக்கு" என்றார் கொண்டக்டர்.

"நாளைக்கும் வந்தியள் எண்டால் நான் இறங்கிக் காட்டுக்குள்ள ஓடிடுவன்" என்றாள் மகள்.

கடிதம் கொடுக்கும் நாளில் அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டு நானும் பஸ்ஸில்தான் போனேன். பள்ளிக்கூடத்துக்குள் போகத் தாய்மார் சேலை உடுத்தவேண்டும். சேலையோடு அவ்வளவு தூரம் ஸ்கூட்டி ஓட என்னால் முடியாது. மகள் என்னோடு கதைக்காமல் பின் சீற்றுக்குப் போய்விட்டாள். புளியங்குளத்தில் அவளுடைய வகுப்புப் பிள்ளை ஒருத்தி ஏறி, ரியூசன் கொப்பியை விரித்தாள்.

"விடை சரி. உராய்வுக்கு ஏன் முன்னுக்கு அம்புக்குறி போட்டனீ?" என்று மகள் கேட்டாள்.

"ரியூசன் சேர் அப்பிடித்தான் போட்டவர்."

"சேர் போட்டது சரி. நீ ஏன் போட்டனீ?"

மகள் சாப்பாட்டுப் பெட்டியை மடியிலிருந்த கோப்பின்மேல் வைத்தாள். "பஸ் வெளிக்கிடேக்க பெட்டி எங்கை வழுக்கப் பாக்குது?"

"பின்னுக்கு."

"அப்ப அதைப் பிடிச்சு வைச்சிருக்கிற உராய்வு?"

"முன்னுக்கு! அட, இவ்வளவுதானோ?"

"டீச்சர், இடாப்பையும் கொண்டு வாங்கோ. ரிக்கெற்றோட வரவும் எடுத்து விடுறன்" என்றார் கொண்டக்டர் மகளிடம். பின் சீற் முழுவதும் சிரித்தது.

இந்த 'ஏன்' எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். மகள் முன்பு படித்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எல்லா வகுப்புக்கும் ஒரே கணித ஆசிரியர். பத்தாம், பதினோராம் ஆண்டுகளில் அவர் அடுத்த வகுப்புக்குப் போகும்போது ஒரு பிள்ளையைக் கரும்பலகைக்கு அனுப்புவார். கணக்கைச் செய்த பிள்ளை, மற்றவர்கள் கேட்கும் 'ஏன்' எல்லாவற்றுக்கும் பதில் சொன்ன பிறகுதான் தன் இடத்தில் போய் இருக்கலாம். பிள்ளைகளே படிப்பிப்பதென்றால் ஆசிரியர் எதற்கு என்று பெற்றோர் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை பிடித்தவள் நான். அந்தப் பள்ளிக்கூடம் என் பிள்ளைக்கு ஒன்றும் கொடுக்கவில்லை என்று இரண்டு வருடம் சொல்லித் திரிந்தேன்.

அது பிழை. நகரத்துப் பிள்ளைகள் கணக்குகளை நிறையச் செய்து பழகி வந்தவர்கள். அதனால் முதல் தவணையில் முந்திவிட்டார்கள். என் மகள் ஒன்று விளங்கும்வரை விடாமல் நிற்கப் பழகி வந்தவள். வேகம் இனி வரும். மற்றதை உயர்தரத்துக்கு வந்த பிறகு யாரும் ஊட்டிவிட முடியாது.

ஓமந்தை தாண்டும்போது, கடிதத்தைக் கொடுப்பதில்லை என்று நான் முடிவெடுத்துவிட்டேன். உடுத்திய சேலை வீண்போகக் கூடாதென்று பள்ளிக்கூடத்துக்குப் போனேன். வாசலிலேயே வகுப்பாசிரியை நின்றார்.

"என்ன அம்மா, ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை டீச்சர். பிள்ளை எப்பிடிப் படிக்கிறா எண்டு கேட்டுப்போக வந்தனான்."

"புள்ளி காணாது. ஆனா வகுப்பில விடாமல் கேள்வி கேக்கிறா. சில நாள் பாடம் முடிக்க ஏலாமல் கிடக்கு."

அவருக்குப் பின்னால் நின்ற மகள் என் கைப்பையையே பார்த்தபடி நின்றாள். நான் அதைத் திறக்கவில்லை.

"ஓம், கேப்பா. கேக்க விடுங்கோ டீச்சர்" என்றேன்.