அவள் வரைந்த என் மலை

கல்லூரியில் என்னோடு ஓவியம் படித்தவள் நார்த்தாமலையை வரைந்திருந்தாள். எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் வந்தபோது நான் அடுப்பில் பால் வைத்திருந்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்கும் அவள்மேல்தான் கோபம் வந்தது.

நார்த்தாமலை என் மலை. பத்திரம் ஒன்றும் கிடையாது. ஆனால் புதுக்கோட்டையில் பிறந்து, இங்கேயே கல்யாணமாகி, இங்கேயே ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராக இருக்கிற எனக்கு இல்லாத உரிமை, சென்னையில் இருக்கிற அவளுக்கு எங்கிருந்து வந்தது? கல்யாணம் ஒன்றுக்குத் திருச்சி வந்தவள் அப்படியே மலைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறாள். எனக்கு ஒரு போன்கூடப் பண்ணவில்லை.

படமாவது சுமாராக இருந்திருக்கலாம். நன்றாக இருந்தது. பாறைச் சரிவில் விஜயாலய சோழீச்சரம் கோயில் தனியாக நிற்கிறது; முகப்பு முழுக்க மஞ்சள் வெளிச்சம். கீழே ‘நார்த்தாமலை, காலை’ என்று தலைப்பு. ஏதோ கண்காட்சியில் வைத்திருக்கிறார்களாம். குழுவில் கைதட்டுகிற பொம்மைகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன. நானும் ஒன்று போட்டேன். போடாவிட்டால் தெரிந்துவிடும்.

பொறாமைதான், வேறென்ன. ஆனால் வயிறு அப்படி எரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் வரைந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆண்டு விழா மேடைக்கு மயில் வேண்டுமா, டெங்கு விழிப்புணர்வுக்குக் கொசு வேண்டுமா, பிரின்சிபால் கேட்ட வேகத்தில் வந்துவிடும். எனக்கென்று காகிதத்தை விரித்து உட்கார்ந்தால்தான் ஒரு கோடு வராது. பென்சிலைச் சீவுவேன். சீவியதையே இன்னும் கூராகச் சீவுவேன். பிறகு எழுந்து போய்த் துணி மடிப்பேன். படம் வரைகிற பலகையின் மேல் என் வீட்டுக்காரர் சட்டை தேய்க்க ஆரம்பித்து நாளாகிவிட்டது. நானும் வேண்டாம் என்று சொல்லவில்லை. இனிமேல் வராது என்று எனக்கே தோன்றிவிட்டது. அதை யாரிடமும் சொல்ல முடியவில்லை.

சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குறை தேடித்தான். கிடைத்தது.

அது மேற்குப் பார்த்த கோயில். சூரியன் அதன் முதுகுப் பக்கம் உதிக்கிறது. காலையில் முகப்பில் வெளிச்சம் எப்படி வரும்? எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் அந்தக் கோயிலுக்குச் சாயங்காலம் போங்க என்றுதான் சொல்வார்கள். நாங்களும் அப்படித்தான், வெயில் தாழ முறுக்குப் பொட்டலத்தோடு ஏறி, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவோம்.

எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. “மேற்குப் பாத்த கோயிலுக்குக் காலையில வெயில் அடிக்குதாம்! கேட்டீங்களா?” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“படந்தானே, விடு.”

“படந்தானேன்னா? தப்பு தப்புதானே?”

“அப்ப நீ சரியா ஒண்ணு போட்டுக் காமி” என்று சொல்லிவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

போட்டோ எடுத்து அனுப்பலாம்தான். ஆனால் படத்துக்குப் பதில் போட்டோ என்றால், இவளுக்கு வரைய வராதா என்று குழுவில் கேட்பார்கள். வரைந்தே அனுப்ப வேண்டும். முகப்பு நிழலில் இருக்கும், கீழே நேரம் எழுதியிருக்கும், அவள் வாயடைத்துப் போவாள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஸ்கூட்டியை எடுத்தேன். “இங்கிட்டு டிபனுக்கு என்ன வழி?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

“மாவு பிரிட்ஜுல இருக்கு. ஊத்திக்கங்க.”

மலையேறிப் போய், கோயிலுக்கு நேர் எதிரே, குடைவரைகள் இருக்கிற பாறைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முகப்பு நிழலில்தான் இருந்தது. அப்பாடா என்றிருந்தது. நிழலைத் தீட்ட ஆரம்பித்தேன். அழகாக வர வேண்டும் என்ற நினைப்பே இல்லை. அவள் செய்தது தப்பு என்று காட்டினால் போதும். கோடு தன் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. வருகிறது என்பதைக்கூட நான் கவனிக்கவில்லை.

வெயில் ஏற ஏற நான் தீட்டிய நிழல் பொய்யாகத் தொடங்கியது. சூரியன் கோயிலுக்கு மேலே வந்து, என் பின்னாலிருந்த பாறை முழுக்க அடித்தது. மொட்டைப் பாறை. வாங்கிய வெளிச்சத்தை அப்படியே கோயிலின் முகத்தில் திருப்பிப் போட்டது. தூணில், நிலைவாசலில், துவாரபாலகர் தோளில் எல்லாம் மெல்லிய மஞ்சள். இத்தனை வருடம் ஏறி இறங்கியும் நான் இதைப் பார்த்ததில்லை. ஒரே ஒரு நாள் வந்தவள் பார்த்துவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டே நிழலை அழித்துவிட்டு வெளிச்சத்தைப் போட்டேன். வேறென்ன செய்ய, எதிரே அது அப்படித்தான் இருந்தது.

முடித்த பிறகுதான் காகிதத்தைச் சரியாகப் பார்த்தேன். படம். என்னுடைய படம். நன்றாகவும் இருந்தது. இதை அனுப்பினால் அவள் சரி என்று நானே சாட்சி சொன்னதாகிவிடும். அனுப்பாவிட்டால், இனி வராது என்று நினைத்திருந்தபோது வந்த ஒரே படம் பீரோவுக்குள் கிடக்கும். வெகுநேரம் பாறையிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் குழுவில் போடாமல் அவளுக்கு மட்டும் அனுப்பினேன். ‘நீ பார்த்த காலை வெளிச்சத்தை நானும் பார்த்தேன்’ என்று எழுதும்போது விரல் கூசியது.

உடனே போன் வந்தது.

“என்னடி சொல்ற? நான் எங்க பாத்தேன்? சாயங்காலம் அவசரமா வந்து நாலு போட்டோ எடுத்துட்டு ஓடிட்டேன். காலைன்னு பேர் வச்சது கண்காட்சி நடத்துறவங்க. அதுதான் எடுப்பா இருக்காம்.”

“இருடி” என்றாள். என் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

“நெசமாவே காலையில அப்படி வெளிச்சம் வருதா?” என்றாள். அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும்; பால் பொங்கிய அன்று எனக்குள்ளும் அதுதான் கேட்டது. “நேர்ல பாத்தியா நீ? சொல்லுடி, நேர்லயா பாத்த?”

இன்னொரு தடவை கேட்கட்டும் என்று பேசாமல் இருந்தேன்.