நெல் தூசி எங்கள் அண்ணனுக்குச் செய்தது

அண்ணன் போய் ஒரு வருடம் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களில் பலர், துக்கத்துக்கு வந்த அன்று என்னிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "ஏம்மா, பீடி கீடி பழக்கம் உண்டா?"

அண்ணன் பீடியைத் தொட்டதில்லை. வெற்றிலைகூடப் போட்டதில்லை. நெஞ்சு நோயில் செத்தவர் என்றால் கெட்ட பழக்கம் இருந்திருக்கும் என்று நீங்களாக முடிவு கட்டிவிட்டீர்கள். அதை மாற்றத்தான் எழுதுகிறேன். அலங்காரமாக எழுத எனக்கு வராது.

அண்ணன் நன்னிலம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தார். அப்பா குத்தகை நிலத்தில் பயிர் செய்தவர். ஆற்றில் தண்ணீர் வராமல் சம்பா கருகிய வருடத்தில் அப்பா படுத்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை. ஐ.டி.ஐ. முடித்த அண்ணன் கும்பகோணத்தில் மோட்டார் வைண்டிங் கடையில் சேர்ந்தார். நான் கல்லூரிக்குப் போனதும் எனக்குக் கல்யாணம் நடந்ததும் அவர் உழைப்பில்தான். பிறகு ஒரு பெரிய அரிசி ஆலையில் எலெக்ட்ரீஷியன் ஆனார். கடைசிவரை அங்கேதான்.

அந்த ஆலையில் தூசி உறிஞ்சும் இயந்திரங்கள் உண்டு. வீட்டு வேக்குவம் கிளீனர் மாதிரிதான், ஆனால் ஆள் உயரம். உமித்தூசி, தவிட்டுத்தூசி எல்லாவற்றையும் இழுக்கும். அதன் தலையில் இருக்கும் மோட்டார்களைப் பார்த்துக்கொள்வது அண்ணன் வேலை. தூசி மோட்டாருக்குள் போகாமலிருக்க உள்ளே ஒரு துணிப்பை மாட்டியிருக்கும். அறுவடைக் காலத்தில் அந்தப் பை அடைத்துக்கொண்டு இழுவை குறையும். உடனே யாராவது பையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டுவார்கள். சாதுவான அண்ணனுக்கு அப்போதுதான் கோபம் வரும். "பையில்லாம ஓட்டாதீங்கய்யா, மோட்டாரு மூச்சு முட்டிச் செத்துடும்" என்று கத்துவாராம்.

மோட்டாருக்குள் உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் கட்டை தேய்ந்து புதிது போட்டால், உடனே முழு வேகத்தில் ஓட விடமாட்டார். இரண்டு மோட்டார்களை ஒன்றோடொன்று இணைத்து, ஆளுக்குப் பாதி மின்சாரம் கிடைக்கும்படி செய்து, கார்பன் பதியும்வரை மெதுவாகச் சுற்ற விடுவார். மேஸ்திரிக்குப் பொறுக்காது.

"என்னய்யா, தாலாட்டுறியா?"

"ஆமாண்ணே. இப்பத்தான் கண்ணசருது, சத்தம் போடாதீங்க."

அதற்கு முன்னால் இன்னொரு வேலை இருக்கிறது. பிரித்த மோட்டாரை எதிரில் வைத்துக்கொண்டு, காற்றுக்குழாயால் உள்ளே அடைந்த தூசியை ஊதித் தள்ள வேண்டும். அது அப்படியே முகத்தில் அடிக்கும். அண்ணன் மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டியதில்லை.

நான் முகமூடி வாங்கிக் கொடுத்தேன். சிரித்தார். "பைத்தியமே, இது என்ன சிமெண்டா? நெல்லுடி. நெல்லப் பாத்து மூக்கப் பொத்துனா வெளங்குமா?" காலில் நெல் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் குடும்பம் நம்முடையது. நெல் தீங்கு செய்யும் என்று நம்மில் யார்தான் நினைத்தோம்?

இருமல் வந்தது. பிறகு மாடி ஏற முடியவில்லை. தஞ்சாவூரில் டாக்டரும் முதலில் பீடியைப் பற்றித்தான் கேட்டார். பிறகு வேலையைப் பற்றிக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னோம். இத்தனை வருடத் தூசியில் நுரையீரல் இறுகிப்போய்விட்டது, இனிப் பழையபடி ஆகாது என்றார்.

"இத்தன வருஷமா ஒரு துணிகூடவா கட்டல?"

"நெல்லுதானே சார்" என்றார் அண்ணன். வெட்கப்பட்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

கடைசி நாட்களில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்கினார். அண்ணி முதுகைத் தாங்கிக்கொண்டே அழுவார். "அந்த மிஷினுக்கெல்லாம் பை மாட்டுனீங்களே, உங்களுக்கு ஒண்ணு மாட்டிக்கலையேங்க." அண்ணனுக்குப் பேச மூச்சில்லை.

ஆலையிலிருந்து ஆளுயர மாலை வந்தது. உயிரோடு இருந்தபோது கட்டாயப்படுத்தி ஒரு முகமூடி மாட்டியிருக்கலாம். அண்ணன் மேலும் எனக்குக் கோபம்தான். கோபம் தீர்ந்தபாடில்லை, அழுகையும் தீரவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தன் வண்டியில் தஞ்சாவூருக்குக் கூட்டிப்போன பக்கத்து வீட்டு மரியதாஸ் அண்ணனுக்கு. இரவும் பகலும் கூடவே இருந்த அண்ணிக்கு. கடைசியில் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துச் சோறு ஊட்டிய முருகேசனுக்கு. ஆலையில் அண்ணன் பார்த்த வேலையை இப்போது அவர்தான் பார்க்கிறார்.

நினைவு நாளுக்கு அழைக்க ஆலைக்குப் போனேன். மூக்கிலும் வாயிலும் இறுக்கமாக முகமூடி மாட்டிக்கொண்டு முருகேசன் மோட்டாரை ஊதிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கழற்றினார்.

"எல்லாரும் கிண்டல் பண்றாங்கக்கா. டாக்டரய்யா வந்துட்டாரு, ஊசி போடப் போறாருங்கறாங்க."

"பண்ணட்டும்" என்றேன். "நீங்க கெழவனாகுற வரைக்கும் பண்ணட்டும். மொதல்ல அத மாட்டுங்க."

— தங்கை