கூழுக்குத் தொட்டுக்க ஒரு பாக்கெட்

மண்ணூர்பேட்டையில் எங்கள் பக்கத்து வீடு துலுக்கானத்தினுடையது. தொழிற்பேட்டை எஸ்டேட் கம்பெனிகளுக்குச் சரக்கு ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுகிறவர். மனைவி பத்மா விடியும் முன்னே முதல் ஷிஃப்டுக்குக் கிளம்பிவிடுவதால், மகள் எழிலுக்குச் சோறு கட்டிக் கொடுப்பது அவர்தான். எழில் பத்தாவது படிக்கிறாள். கபடியில் எதிராளியின் காலை அவள் பிடித்துவிட்டால் கோட்டைத் தொடவே முடியாது. மாவட்ட அணித் தேர்வுக்கு அவள் பெயர் போனதும், துலுக்கானம் வண்டிக் கண்ணாடியில் மகள் படத்தையே ஒட்டிவிட்டார்.

அந்தப் பெண்ணுக்கு அவர் கட்டிக் கொடுத்தது தயிர்சாதமும், தொட்டுக்கொள்ள ஒரு கார ஸ்நாக்ஸ் பாக்கெட்டும். தினமும் இதேதான். பத்மா முணுமுணுத்தால் பாக்கெட்டின் முன்பக்கத்தைக் காட்டுவார். கிண்ணம் நிறையத் துவரம்பருப்பு, பக்கத்தில் சோளக்கதிர், பச்சைப்பசேலென்று ஏதோ இலை.

"பருப்பு போட்டுத்தான் செஞ்சிக்கீறான். படத்த பாரு!"

பருப்பு அதிலேயே இருக்கிறதே என்று வீட்டில் பருப்பு வேகவைப்பதையே நிறுத்திவிட்டார். கீரை ஆய்வதும் நின்றது. இதைச் சொல்லி அவரை முட்டாள் என்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. படம் போட்டு ஏமாற்றியவனை விட்டுவிட்டு, படத்தை நம்பியவனைத் திட்டுவது எந்த ஊர் நியாயம்?

அணித் தேர்வுக்கு முன் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். எழிலுக்கு ரத்தம் மிகவும் குறைவு. மைதானத்தில் இறங்கக் கூடாது, ஆவணியில் மறுபடி சோதித்துப் பார்த்துத்தான் முடிவு சொல்வோம் என்றுவிட்டார்கள். நானும் கூடப் போயிருந்தேன்.

"பருப்பு, கீரை எல்லாம் குடுக்கறீங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

"டெய்லி பருப்பு தாம்மா!" துலுக்கானம் எழிலின் பையிலிருந்து பாக்கெட்டை எடுத்து நீட்டினார்.

டாக்டர் அதைத் திருப்பினார். பின்பக்கம் எறும்பு ஊர்ந்ததைப் போல ஆங்கில எழுத்து. கண்ணருகே வைத்துப் படித்துச் சொன்னார். அரிசி மாவு, சோள மாவு, பாமாயில், உப்பு, மசாலா. பருப்பு மாவு நூற்றில் இரண்டு பங்கு.

"இதைச் சாப்பிட்டா பசி அடங்கும். ரத்தம் ஊறாதுங்க."

துலுக்கானம் பாக்கெட்டை வாங்கிப் பைக்குள் திணித்தார். வெளியே வந்ததும் வண்டிக் கண்ணாடியில் இருந்த மகள் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் முதல் குக்கர் விசில் எங்கள் வீடுவரை கேட்டது.

ஆடி பிறந்தது. எங்கள் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது துலுக்கானம் வீட்டுப் பானைதான் முதலில். அவர் முதல் கரண்டி ஊற்றாமல் வேறு யார் பானையும் திறக்காது. தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையும் கருவாட்டுக் குழம்பும் வெங்காயமும் இருக்கும். இந்த வருஷம் போய்ப் பார்த்தால் கீரையைக் காணோம், குழம்பைக் காணோம். அட்டைப் பெட்டி பெட்டியாக அதே பாக்கெட்! மேலே பேனர், அதில் அதே பருப்புக் கிண்ணம். பந்தல் செலவைக் கம்பெனிக்காரன் ஏற்றுக்கொண்டானாம். ஆத்தாளுக்குப் படைக்கிற கூழில் கூடவா இவர்கள் கடை விரிக்க வேண்டும்?

துலுக்கானம் கரண்டியைத் தரையில் வைத்தார்.

"இந்தப் பொட்டிய எடு. அப்பால ஊத்தறேன்."

கோயில் கமிட்டித் தலைவர் ஏகாம்பரம் மைக்கோடு வந்தார். "இன்னா துலுக்கானம், நல்ல நாள் அதுவுமா ரவுசு பண்றே? உன் பொண்ணுக்கு நீயே டெய்லி இதைத்தானே குடுத்தே?"

மைக்கில் சொன்னதால் தெருவே கேட்டது. சிலர் சிரித்தார்கள். வரிசையில் நின்ற எழில் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்த மைக்கைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

"ஆமா, நான்தான் குடுத்தேன்," என்றார் துலுக்கானம். "சத்துன்னு நம்பிக் குடுத்தேன். எம்பொண்ணு இன்னிக்கு கோட்டுக்கு வெளிய நிக்குது. ஆத்தா பேரச் சொல்லி இன்னொருத்தன் புள்ளைக்கு இத எங்கையால குடுக்க மாட்டேன். நீ வோணா ஊத்து."

யார் ஊற்றுவது? பம்பை மேளக்காரர்கள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். வெயில் ஏறியது. கடைசியில் ஏகாம்பரம் முணுமுணுத்துக்கொண்டே பெட்டிகளைப் பந்தலுக்குப் பின்னால் தள்ளச் சொன்னார். பேனர் மட்டும் இறங்கவில்லை. போகும்போது அந்தப் பக்கமாய்ச் சுற்றிப்போய் பாக்கெட் வாங்கியவர்களும் உண்டு, அவர்கள் மூஞ்சியையும் பார்த்து வைத்துக்கொண்டேன்.

பத்மா வீட்டிலிருந்து சட்டியில் முருங்கைக்கீரை கொண்டுவந்தாள். எழில் சொம்பை நீட்ட, துலுக்கானம் முதல் கரண்டியை அதில் ஊற்றினார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு கம்மி. காரமே இல்லப்பா."

துலுக்கானம் ஒரு பச்சைமிளகாயை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் அதை நறுக்கென்று கடித்து, கண்ணில் நீர் வழிய, கூழை ஒரே மூச்சில் குடித்தாள். பிறகு காலிச் சொம்பை மறுபடி நீட்டினாள்.

"ஊத்துப்பா. ஆவணிக்கு இன்னும் ரொம்ப நாள் இல்ல."